கேமரா மூன்று, ஒலி ஒன்று: பல கேமராப் படத்தொகுப்பில் தானியங்கி ஒத்திசைவு

கோத்தகிரி, குன்னூர் வட்டாரங்களில் திருமணமாகட்டும், பள்ளி ஆண்டு விழாவாகட்டும், ஊர்ப் பண்டிகையாகட்டும், ஒற்றைக் கேமராவுடன் போய் நின்ற காலம் மலையேறிவிட்டது. மேடைக்கு நேரே ஒன்று, முகங்களை நெருங்கிப் பிடிக்கப் பக்கவாட்டில் ஒன்று, கூட்டத்துக்குள் நடமாட ஒன்று என மூன்று கேமராக்களும், ஒலிபெருக்கிக்காரரின் மிக்ஸரிலிருந்து நேராக ஒலியை வாங்கும் ரெக்கார்டர் ஒன்றும் இருந்தால்தான் வேலை நிறைவாக அமைகிறது. படம்பிடிக்கும்போது இதில் பெரிய சிரமம் தெரிவதில்லை. மறுநாள் எல்லாவற்றையும் கணினியில் இறக்கிப் பார்க்கும்போதுதான், நான்கு கருவிகளும் நான்கு வெவ்வேறு நொடிகளில் ஓடத் தொடங்கியிருப்பதும், நடுவில் ஒரு கேமரா நின்று மறுபடி ஓடியிருப்பதும், எந்தக் கிளிப் எந்த இடத்தில் பொருந்தும் என்று கண்டுபிடிப்பதே பாதி நாளை விழுங்கிவிடும் என்பதும் புரியத் தொடங்குகின்றன.

இதற்கென இன்று பரவலாகப் பயன்படும் படத்தொகுப்பு மென்பொருள்கள் பலவற்றிலும் தானியங்கி ஒத்திசைவு வசதி இருக்கிறது. ஒவ்வொரு கிளிப்பிலும் பதிவான ஒலியை ஒப்பிட்டு, எல்லாவற்றையும் ஒரே நேரக்கோட்டில் (டைம்லைனில்) மென்பொருளே அடுக்கித் தரும். ஆனால் புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்கள் அந்தப் பொத்தானைக் கணினிக்கு உரிய ஒன்றாக மட்டும் எண்ணிவிடுகிறார்கள். அது சரியாக வேலை செய்யுமா, செய்யாதா என்பது படம்பிடிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த வழிகாட்டியின் கணிசமான பகுதி கணினியில் உட்காரும் முன்பே செய்ய வேண்டியவற்றைப் பற்றியதாக இருக்கிறது.

மென்பொருள் எப்படிப் பொருத்துகிறது

ஒலி, கணினிக்குள் எண்களின் வரிசையாகத்தான் இருக்கிறது. காட்சிப் பதிவுகளில் வழக்கமாக ஒரு நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கப்படுகின்றன. ஒரு மணி நேரப் பதிவு என்றால் 17 கோடியே 28 லட்சம் எண்கள். மென்பொருள் இப்படி இரண்டு வரிசைகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் மீது மற்றொன்றைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பார்த்து, ஒவ்வொரு நிலையிலும் இரண்டும் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று கணக்கிடுகிறது. ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, இரண்டு அலைவடிவங்களும் பொருந்தும் அந்த ஒரு நிலையில் ஒத்துப்போகும் அளவு மற்ற எல்லா நிலைகளையும் விட ஓங்கி நிற்கும். அந்த உச்சி எங்கே இருக்கிறதோ, அதுவே இரண்டு கிளிப்களுக்கும் இடையே உள்ள நேர வேறுபாடு. ஒவ்வொன்றாக நகர்த்திப் பெருக்கிக் கூட்டினால் கணினி திணறிவிடும் என்பதால், 1965இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டுக்கி என்ற கணித அறிஞர்கள் வெளியிட்ட விரைவு ஃபூரியர் மாற்றம் போன்ற முறைகள் இந்தக் கணக்கைச் சுருக்கப் பயன்படுகின்றன.

இந்த விளக்கத்திலிருந்து நடைமுறைக்குத் தேவையான மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒலியே இல்லாத கிளிப்பைப் பொருத்த வழியில்லை. ட்ரோன் காட்சிகளும், பல கேமராக்களில் ஸ்லோமோஷன் முறையில் எடுத்தவையும் ஒலியின்றியே வரும் என்பதால் அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் இடம் சேர்க்க வேண்டும். இரண்டாவது, கேமராக்கள் ஒரே ஒலியைக் கேட்டிருக்க வேண்டும். ஒரு கேமராவின் மைக்கில் காற்றின் இரைச்சலும், மற்றொன்றின் மைக்கில் மேடைப் பேச்சும் மட்டுமே பதிவாகியிருந்தால் ஒப்பிடுவதற்கு எதுவும் இல்லை. மூன்றாவது, அந்த ஒலியில் மாற்றம் இருக்க வேண்டும். பேச்சு, கைத்தட்டல், சிரிப்பு, நாற்காலி இழுபடும் ஓசை போன்ற ஒழுங்கற்ற ஒலிகளே மென்பொருளுக்கு மிகச் சிறந்த அடையாளங்கள். மாறாத ஒலியால் பயன் குறைவு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மலை ரயிலின் நீராவி எஞ்சின் நீளமாகக் கூவுவது நம் காதுக்கு மறக்க முடியாத ஒலியாக இருந்தாலும், ஒரே சுருதியில் நீளும் அந்தக் கூவலின் தொடக்கமும் முடிவும்தான் மென்பொருளுக்கு அடையாளமாகுமே தவிர நடுப்பகுதி உதவாது.

திரும்பத் திரும்ப ஒரே மாதிரி வரும் ஒலி இன்னும் ஆபத்தானது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில் (படுகர் ஊரில்), மைதானத்தில் வட்டமாக நின்று ஆடும் படுகர் நடனத்தை மூன்று கேமராக்களில் எடுத்திருந்தோம். ஒரே தாள வட்டம் பல நிமிடங்களுக்கு மாறாமல் ஓடியது. மூன்றாவது கேமராவில் இருந்ததோ நாற்பது நொடிக் கிளிப்தான். மென்பொருள் அதைத் தாளத்தோடு அச்சொட்டாகப் பொருத்தியது, ஆனால் ஒரு முழு வட்டம் தள்ளிப் பொருத்திவிட்டது. ஒலியைக் கேட்டால் குறையே தெரியவில்லை. படத்தைப் பார்த்த ஊர்ப் பெரியவர் ஒருவர், ஒரு காட்சியில் வரிசையின் முன்னால் இருந்தவர் அடுத்த காட்சியில் பின்னால் இருப்பதைச் சுட்டிக்காட்டிய பிறகுதான் தவறு புலப்பட்டது. நடனத்தின் தொடக்கத்திலேயே அந்தக் கேமராவையும் ஓடவிட்டு, நடுவில் நிறுத்தாமல் இருந்திருந்தால் இந்தப் பிழைக்கு இடமே இருந்திருக்காது.

வீட்டை விட்டுப் புறப்படும் முன்

எல்லாக் கேமராக்களிலும் தேதியையும் நேரத்தையும் ஒரே கைப்பேசியைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள். நொடி வரை துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் கிளிப்களை வரிசைப்படுத்தும்போது எது காலைச் சடங்கு, எது மாலை வரவேற்பு என்று மென்பொருளும் நீங்களும் குழம்பாமல் இருக்க அது உதவும்.

அடுத்து ஃபிரேம் விகிதம், அதாவது ஒரு நொடியில் எத்தனை தனிப்படங்கள் (ஃபிரேம்கள்) பதிவாகின்றன என்பது. எல்லாக் கேமராக்களும் நொடிக்கு 25 ஃபிரேம் என்ற ஒரே விகிதத்தில் ஓடட்டும். ஒரு ஃபிரேம் என்பது அப்போது 40 மில்லி விநாடி, அதாவது ஒலியில் 1,920 மாதிரிகள். இந்தக் கணக்கு மனத்தில் இருந்தால் பின்னால் வரும் திருத்தங்கள் எளிதாகிவிடும். கைப்பேசியை மூன்றாவது கேமராவாகப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். பல கைப்பேசிகள் வெளிச்சம் குறையும்போது ஃபிரேம் விகிதத்தைத் தாமாகவே குறைத்துக்கொள்கின்றன. மண்டபத்துக்குள் நுழைந்த மூடுபனியால் வெளிச்சம் மங்கினாலே இது நடக்கும். அப்படி மாறும் விகிதத்தில் பதிவான கிளிப், தொடக்கத்தில் ஒத்திசைந்தது போலத் தோன்றிவிட்டு நடுவில் உதடும் ஒலியும் விலகிப் போகக்கூடும். நிலையான விகிதத்தில் பதிவுசெய்ய உதவும் கேமராச் செயலியைப் பயன்படுத்துங்கள். அது இயலாவிட்டால், தொகுப்பதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்து கோப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரெக்கார்டரில் மாதிரி விகிதம் 48,000 ஆக இருக்க வேண்டும். குறுந்தகட்டுக் காலத்து 44,100 இருந்தாலும் இன்றைய மென்பொருள்கள் மாற்றிக்கொள்ளும் என்றாலும், வேறுபாடு இல்லாமல் இருப்பதே நிம்மதி.

குளிர் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் டிசம்பர், ஜனவரி மாதங்களின் அதிகாலையில் கேமரா பேட்டரியின் சக்தி சமவெளியில் இருப்பதைவிட விரைவாகக் குறைகிறது. பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் பதிவு முறிந்து புதிய கிளிப் உருவாகிறது. முறிவுகள் பெருகப் பெருகப் பொருத்த வேண்டிய துண்டுகளும் பெருகும். மாற்றுப் பேட்டரிகளை ஸ்வெட்டரின் உட்பையில், உடம்புச் சூட்டோடு வைத்திருங்கள்.

படம்பிடிக்கும் இடத்தில்

இங்கே எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு கேமராவின் மைக்கும் எப்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'நல்ல ஒலிதான் ரெக்கார்டரில் வருகிறதே, கேமராவின் மைக் எதற்கு' என்று அதை அணைத்து வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமராவின் மைக்கில் பதிவாகும் ஒலி இறுதிப் படத்தில் ஒரு நொடிகூட இடம்பெறப் போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கிளிப்பை அதற்குரிய இடத்தில் உட்கார வைப்பதற்கு அதுவே சாட்சி. தரம் முக்கியமில்லை, இருப்பது முக்கியம். ஆகையால் கேமராக்களின் ஒலி அளவைத் தானியங்கி முறையிலேயே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. கைமுறைக் கட்டுப்பாடு ரெக்கார்டருக்கு மட்டும் போதும். அதில் பேச்சின் உச்சி மைனஸ் 12 டெசிபெல் அளவைச் சுற்றி இருக்குமாறு வைத்துக்கொண்டால், திடீரென்று யாராவது மைக்கில் உரக்கக் கத்தினாலும் ஒலி உடையாது.

திறந்த வெளியில் காற்று பெரிய எதிரி. தேயிலைச் சரிவின் மேலிருந்து கீழே உள்ள மைதானத்தை எடுக்கும் கேமராவில், உறை இல்லாத மைக் காற்றின் உறுமலைத் தவிர வேறொன்றையும் பதியாது. கடையில் விற்கும் மயிர்க்கற்றை உறையை மைக்கின் மேல் மாட்டுங்கள். உள்ளமை மைக் மட்டுமே உள்ள கேமரா என்றால், காற்று வரும் திசைக்கு ஒருவர் முதுகைக் காட்டி நின்றாலே ஓரளவு தணியும். தகரக் கூரை மண்டபத்தில் மழை பிடித்துக்கொண்டால் நிலைமை இதைப் போன்றதே. கூரையின் சடசடப்பு எல்லா மைக்குகளிலும் நிறைந்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட நாளில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குச் சற்று அருகில் ஒவ்வொரு கேமராவையும் வைப்பது நல்லது.

எல்லாக் கருவிகளும் ஓடத் தொடங்கியபின், எல்லாக் கேமராக்களும் பார்க்கும்படி ஒருவர் மேடையில் நின்று, கைகளை முகத்துக்கு நேரே உயர்த்தி, ஒருமுறை பலமாகக் கைத்தட்ட வேண்டும். சினிமாவின் கிளாப் பலகை செய்வதும் இதைத்தான். பலகை மூடும் ஃபிரேம் கண்ணுக்கும், அதன் ஓசை காதுக்கும் ஒரே கணத்தை அடையாளம் காட்டுகின்றன. மென்பொருள் தானாகவே பொருத்திவிடும் என்றாலும், அது பொருத்தியது சரிதானா என்று பார்க்க இந்தக் கைத்தட்டல் உதவும். நிகழ்ச்சி முடிந்து கருவிகளை நிறுத்தும் முன்பும் இதே போல ஒரு கைத்தட்டல் வேண்டும். இறுதிக் கைத்தட்டலைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அதன் அருமை கீழே ஒலி விலகல் பற்றிச் சொல்லும்போது தெரியும். சடங்கு நடக்கும் இடத்தில் கைத்தட்டுவது முறையாகாது என்றால், எல்லோருக்கும் கேட்கும் மணியோசையோ, ஒலிபெருக்கியில் வரும் முதல் அறிவிப்போ அந்த வேலையைச் செய்யும். படம்பிடிப்பவரின் வசதிக்காகச் சடங்கின் ஒழுங்கைக் குலைப்பது கூடாது.

ஓடத் தொடங்கிய கேமராவை இடையில் நிறுத்தாதீர்கள். சிறு சிறு துண்டுகளாக எடுத்தால் மெமரி கார்டில் இடம் மிச்சமாகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஐந்து நொடிக் கிளிப்பில் பொருத்துவதற்கு வேண்டிய அடையாளம் போதாமல் போகலாம். இருபது நிமிடக் கிளிப் ஏறக்குறைய எப்போதும் சரியாக அமரும். பழைய கேமராக்கள் சில 29 நிமிடம் 59 நொடியில் தாமாகவே நின்றுவிடும். உங்கள் கேமரா அப்படிப்பட்டதென்றால், எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில் நின்றுபோகாதபடி அவற்றைச் சில நிமிட இடைவெளியில் தொடங்குங்கள்.

கணினியில்

முதலில் கோப்புகளை அடுக்குங்கள். ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கோப்புறை, ரெக்கார்டருக்கு ஒன்று. கார்டுகளை அழிக்கும் முன் இன்னொரு வன்தட்டில் நகல் இருக்க வேண்டும். கணினி எளியது, காட்சிகள் நான்கு கே தரத்தில் உள்ளவை என்றால், மூன்று காட்சிகளை ஒரே நேரத்தில் ஓட்டும்போது திணறும். எனவே மென்பொருளிலேயே சிறிய அளவுள்ள பிராக்ஸி கோப்புகளை உருவாக்கிக்கொண்டு வேலையைத் தொடங்குங்கள்.

டாவின்சி ரிசால்வ் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் மென்பொருள். இலவசப் பதிப்பிலேயே இந்த வசதி முழுமையாக இருக்கிறது. எந்தக் கோப்பையும் உள்ளே கொண்டுவருவதற்கு முன், திட்ட அமைப்பில் டைம்லைன் ஃபிரேம் விகிதத்தை 25 என்று வைத்துவிடுங்கள், பின்னால் அதை மாற்ற விடாது. மீடியா பூலில் (கோப்புகள் இருக்கும் பலகத்தில்) ஒரே நிகழ்ச்சியின் எல்லாக் கிளிப்களையும் தேர்ந்தெடுத்து, வலது பொத்தானை அழுத்தி, தேர்ந்த கிளிப்களைக் கொண்டு புதிய மல்டிகேம் கிளிப் (எல்லாக் கோணங்களையும் ஒன்றாகக் கட்டிய கிளிப்) உருவாக்கும் கட்டளையைக் கொடுங்கள். திறக்கும் பெட்டியில் 'ஆங்கிள் சிங்க்' என்ற இடத்தில் 'சவுண்ட்' என்பதைத் தேர்ந்தால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். இந்த மென்பொருளை லினக்ஸ் கணினியில் இலவசப் பதிப்பாகப் பயன்படுத்துபவர்கள், சாதாரணக் கேமராக்கள் தரும், எச்.264 என்ற சுருக்க முறையில் பதிவான காட்சிகள் அங்கே திறக்காது என்பதை முன்கூட்டியே அறிந்து, கோப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அடோபி பிரீமியர் புரோவில் திட்டப் பலகத்தில் கிளிப்களைத் தேர்ந்து, வலது பொத்தானில் 'கிரியேட் மல்டி கேமரா சோர்ஸ் சீக்வென்ஸ்' என்பதைக் கொடுத்து, ஒத்திசைவுப் புள்ளியாக 'ஆடியோ'வைத் தேர்வுசெய்ய வேண்டும். ஃபைனல் கட் புரோவில் 'நியூ மல்டிகேம் கிளிப்' கட்டளையில் ஒலியைக் கொண்டு ஒத்திசைக்கும் கட்டம் குறியிடப்பட்டிருக்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொரு கிளிப்புக்கும் கேமராவின் பெயரைக் கொடுத்துவிட்டால், ஒரே கேமராவின் துண்டுகள் ஒரே வரிசையில் வந்து சேரும். முற்றிலும் கட்டற்ற மென்பொருள்தான் வேண்டும் என்பவர்களுக்குக் கேடென்லைவ் இருக்கிறது. கிளிப்களைத் தனித்தனித் தடங்களில் வைத்து, ரெக்கார்டரின் ஒலியை ஆதார ஒலியாகக் குறித்துவிட்டு, மற்றவற்றை அதனோடு பொருத்தச் சொல்ல வேண்டும்.

எந்த மென்பொருளானாலும், காலை முதல் இரவு வரை எடுத்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொடுத்துவிடாதீர்கள். முகூர்த்தம் தனி, வரவேற்பு தனி என்று பிரித்துக் கொடுத்தால் தேடவேண்டிய பரப்பு சுருங்கும், தவறும் குறையும். ஒலியில் ஆதாரமாக எப்போதும் நீளமானதையே, அதாவது முறியாமல் ஓடிய ரெக்கார்டரின் கோப்பையே கொள்ளுங்கள்.

சரிபார்ப்பது

மென்பொருள் 'முடிந்தது' என்று சொன்னதும் வெட்டத் தொடங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெருந்தவறு. தொடக்கக் கைத்தட்டலுக்குப் போய், ஒவ்வொரு கேமராவிலும் உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமும் ஒலியின் செங்குத்தான முனையும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பாருங்கள். பிறகு நடுவில் யாராவது பேசும் ஓர் இடத்தில் உதடுகளைப் பாருங்கள். கடைசியாக இறுதிக் கைத்தட்டலைப் பாருங்கள். ஒவ்வொரு கிளிப்புக்கும் இது தனித்தனியே தேவை. ஒன்று பொருந்தியதால் மற்றதும் பொருந்தியிருக்கும் என்று கொள்ள முடியாது. இந்தச் சோதனையின்போது புளூடூத் ஹெட்ஃபோன் அணிந்திருக்கக் கூடாது. அது ஒலியைச் சற்றுத் தாமதமாகவே தருகிறது என்பதால், சரியாக இருப்பதும் தவறாகத் தெரியும், நீங்கள் திருத்தப் போய் உண்மையிலேயே தவறாக்கிவிடுவீர்கள். கம்பியுள்ள ஹெட்ஃபோனே வேண்டும்.

எவ்வளவு பிழையைப் பொறுக்கலாம் என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒலி படத்துக்கு 45 மில்லி விநாடி முந்தினாலோ, 125 மில்லி விநாடி பிந்தினாலோ பார்ப்பவர்கள் அதை உணரத் தொடங்குகிறார்கள் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை குறிப்பிடுகிறது. ஒலி முந்துவதைக் கண் விரைவில் பிடித்துக்கொள்கிறது, பிந்துவதைச் சற்றுப் பொறுத்துக்கொள்கிறது. இடி மின்னலுக்குப் பின்னால் வருவதையும், எதிர்ச் சரிவில் விறகு வெட்டுபவரின் கோடரி விழுந்தபின் ஓசை வருவதையும் பார்த்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்காது. ஒரு ஃபிரேம் முன்பின் இருப்பது பரவாயில்லை. அதற்கு மேல் விடக் கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் வரம்பு.

தூரத்தில் நின்ற கேமரா

மலைப்பகுதியில் வேலை செய்பவர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. 10 டிகிரி செல்சியஸ் குளிரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 337 மீட்டர் செல்கிறது. 20 டிகிரியில் அது 343 மீட்டர். ஒளியோ நம் கணக்கில் தாமதமே இல்லாமல் வந்துவிடுகிறது. ஒலி மூலத்திலிருந்து 40 மீட்டர் தள்ளி, சரிவின் மேல் நிற்கும் கேமராவுக்கு ஒலி சுமார் 119 மில்லி விநாடி கழித்தே எட்டும். அது 25 ஃபிரேம் கணக்கில் மூன்று ஃபிரேம்.

மென்பொருள் இப்போது என்ன செய்கிறது என்று கவனியுங்கள். அது ஒலியை ஒலியோடுதான் பொருத்துகிறது. தூரத்துக் கேமராவில் ஒலி மூன்று ஃபிரேம் பிந்திப் பதிவாகியிருப்பதால், அந்தக் கிளிப்பையே மூன்று ஃபிரேம் முன்னால் இழுத்து, மேடையருகே எடுத்த ஒலியோடு சேர்த்துவிடுகிறது. ஒலியலைகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக அழகாக நிற்கும். ஆனால் அந்தக் கேமராவின் படம் உண்மையான கணத்துக்கு மூன்று ஃபிரேம் முன்னதாக ஓடும். மைதானம் முழுவதையும் காட்டும் அகலக் காட்சி என்றால் யாருக்கும் தெரியாது. அதே இடத்திலிருந்து ஜூம் லென்ஸால் பாடுபவரின் முகத்தை நெருங்கி எடுத்திருந்தால், உதடு முன்னே போக, குரல் பின்னே வரும். 80 மீட்டர் தூரம் என்றால் ஆறு ஃபிரேம், அதாவது ஏறக்குறைய கால் நொடி. இது மேலே சொன்ன வரம்பைத் தாண்டிவிடுகிறது.

திருத்துவது எளிது. படம்பிடிக்கும்போதே ஒவ்வொரு கேமராவும் மேடையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருந்தது என்று காலடியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தூரத்தை 13.5 ஆல் வகுத்தால் ஃபிரேம் எண்ணிக்கை கிடைக்கும். தானியங்கி ஒத்திசைவு முடிந்தபின், தூரத்துக் கேமராவின் கிளிப்பை அத்தனை ஃபிரேம் பின்னோக்கி, அதாவது டைம்லைனில் வலப்பக்கமாக நகர்த்துங்கள். கைத்தட்டலில் உள்ளங்கைகள் சேரும் ஃபிரேமைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இந்த ஒரு சோதனையில் மட்டும், அந்தக் கேமராவின் சொந்த ஒலியைக் கேட்கக் கூடாது. ரெக்கார்டரின் ஒலியையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும்.

மேடைப் பேச்சைக் காலர் மைக்கிலிருந்தோ, மிக்ஸரிலிருந்தோ எடுத்திருந்தால் மேற்சொன்ன கணக்கு நேராகப் பொருந்தும். ஆனால் மைதானத்தின் கோடியில் தனியாக ஒலிபெருக்கிப் பெட்டி வைத்து, தூரத்துக் கேமரா அதன் அருகே நின்றிருந்தால், ஒலி கம்பி வழியாக அங்கே உடனே போய்ச் சேர்ந்திருக்கும். அப்போது கணக்கிட வேண்டியது கேமராவுக்கும் அந்தப் பெட்டிக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான்.

எதிரொலி இன்னொரு சிக்கல். மைதானத்திலிருந்து 170 மீட்டர் அளவில் ஒரு செங்குத்துச் சரிவு இருந்தால், மேளத்தின் ஓசை அதில் மோதி ஏறத்தாழ ஒரு நொடி கழித்துத் திரும்பி வரும். நேரடி ஒலி மறைவாகவும் எதிரொலி தெளிவாகவும் கேட்கும் இடத்தில், உதாரணமாக ஒரு கட்டடத்தின் பின்பக்கத்தில், கேமராவை வைத்திருந்தால் மென்பொருள் எதிரொலியோடு பொருத்திவிடும் வாய்ப்பு உண்டு. ஒரு கிளிப் மட்டும் ஏறக்குறைய ஒரு நொடி அளவுக்குப் பிசகி நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகியுங்கள்.

ஒலி விலகல்

தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் விலகியிருந்தால் அதற்குக் காரணம் கருவிகளின் கடிகாரம். ஒவ்வொரு கருவியிலும் நேரத்தைக் காக்கும் ஒரு படிகம் இருக்கிறது. அதன் துடிப்பு பத்து லட்சத்துக்கு 20 பங்கு பிசகினால்கூட, ஒரு மணி நேரத்தில் 72 மில்லி விநாடி, அதாவது ஏறக்குறைய இரண்டு ஃபிரேம் விலகிவிடும். இரண்டு கருவிகளும் எதிரெதிர்த் திசையில் பிசகினால் இரட்டிப்பாகும். வெப்பநிலை மாற்றமும் இந்தப் படிகங்களின் துடிப்பைச் சிறிது மாற்றுகிறது. மண்டபத்துக்குள் இருந்த ரெக்கார்டரும், பனியில் வெளியே நின்ற கேமராவும் ஒரே நடையில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

இதற்கு வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாம் என்று பலர் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் மூன்று ஃபிரேம் விலகல் என்றால் வேகத்தில் செய்ய வேண்டிய மாற்றம் 0.0033 சதவீதம். வேகக் கட்டத்தில் இரண்டு தசம இடங்களுக்கு மேல் ஏற்காத மென்பொருளில் இந்த எண்ணை எழுதவே முடியாது. எனவே நான் எளிய வழியையே சொல்லித் தருகிறேன். விலகும் கேமராவின் காட்சியை, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, அது திரையில் இடம்பெறாத ஓரிடத்தில் வெட்டி, வெட்டிய துண்டை ஒரு ஃபிரேம் நகர்த்திச் சரிசெய்யுங்கள். மற்றொரு கேமராவின் காட்சி ஓடும் நேரத்தில் வெட்டுவதால் பார்ப்பவருக்குத் தெரியாது. ரெக்கார்டரின் ஒலியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது முழு நிகழ்ச்சிக்கும் முதுகெலும்பு, படங்கள்தான் அதற்கேற்ப அசைய வேண்டும். இறுதிக் கைத்தட்டல் இல்லையென்றால் எத்தனை ஃபிரேம் விலகியிருக்கிறது என்று அளக்க, உதடுகளைப் பார்த்து ஊகிப்பதைத் தவிர வேறு வழி இராது.

பல மணி நேரம் ஓடும் பெரிய படப்பிடிப்புகளில் டைம்கோடு கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு கேமராவிலும் ஒரு சிறு பெட்டியைப் பொருத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே நேர முத்திரையைக் கொடுப்பது இந்த முறை. அதற்கெனத் தனித் துளை இல்லாத கேமராவில், அந்த முத்திரையை ஒலித் தடம் ஒன்றிலேயே பதிந்துகொள்ளலாம். தொடங்கும் நிலையில் இருப்பவர் அதற்குச் செலவிட வேண்டிய தேவை இல்லை.

பொருந்தாமல் நின்றவை

எல்லாம் செய்தபின்னும் ஒன்றிரண்டு கிளிப்கள் பொருந்தாமல் நிற்கும். அவற்றை மென்பொருள் டைம்லைனின் கடைசியில் தள்ளியிருக்கும், அல்லது தவறான இடத்தில் வைத்திருக்கும். முதலில் கோப்பின் தேதி, நேரத்தைப் பார்த்து அது இருக்க வேண்டிய இடத்தை நிமிட அளவில் கண்டுபிடியுங்கள். அந்த இடத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நிமிட ஆதார ஒலியை மட்டும் வெட்டித் தனியே எடுத்து, அதோடு மறுபடியும் ஒத்திசைக்கச் சொல்லுங்கள். தேடும் பரப்பு சுருங்கியதாலேயே பல நேரங்களில் பொருந்திவிடும். காற்றின் உறுமல் காரணமாகப் பொருந்தவில்லை என்றால், அந்தக் கிளிப்பின் ஒலியில் தாழ்ந்த சுருதிகளை வெட்டும் ஃபில்டரைச் செலுத்தி, புதிய கோப்பாக வெளியெடுத்து, அதைக் கொண்டு முயலுங்கள். அதுவும் உதவாவிட்டால் கண்ணே துணை. மாலை கழுத்தில் விழும் கணம், ரிப்பன் அறும் கணம், பரிசு கை மாறும் கணம் என்று இரண்டு கேமராக்களிலும் தெரியும் ஒரு செயலைப் பிடித்து, இரண்டிலும் அந்த ஃபிரேமில் மார்க்கர் வைத்து, மார்க்கரைக் கொண்டு ஒத்திசைத்துக்கொள்ளலாம்.

எல்லாம் சரிபார்த்து முடிந்ததும், ஒத்திசைத்த டைம்லைனை அப்படியே நகலெடுத்து, 'ஒத்திசைத்தது, வெட்டாதது' என்று பெயரிட்டுத் தனியே வைத்துவிட்டு, நகலில் மட்டும் வெட்டத் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து வீட்டார் வந்து, தாத்தா ஆசீர்வாதம் செய்யும் காட்சியை வேறு கோணத்தில் பார்க்க வேண்டும் என்று கேட்கும்போது, அந்தக் கோப்பைத் திறந்து அதே நொடிக்குப் போனால் மூன்று கோணங்களும் அங்கே இருக்கும்.